கரிநாளும் கறிநாளும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4 ஆம் திகதியைக் கரிநாள் என்று அறிவிக்கத் தொடங்கியபின், அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு மூலம் காட்டத் தலைப்பட்டுவிட்டார்கள். பொங்கலுக்கு மறுநாள் இறைச்சிக் கறி ஆக்குவதால் அது கறிநாள், மருவிக் கரிநாள் ஆயிற்று என்கிறார் ஒருவர். வெயில் கரிக்கும் நாள் என்கிறார் இன்னொருவர். கரி கறுப்பு, ஆகவே துக்கநாள், இதில் ஆராய என்ன இருக்கிறது என்கிறார் மூன்றாமவர். மூன்றும் பொருந்தா.

எங்கள் ஊரான இணுவிலில் இறைச்சிக்கு இறைச்சி என்றே பெயர். கத்தரிக்காய்க் கறியும் எங்களுக்குக் கறிதான். சந்தையில் வாங்கி வருவது மரக்கறி. இந்தக் கணக்கில் ஆண்டு முழுவதும் கறிநாள்! பழந்தமிழிலோ கறி மிளகு. பட்டினப்பாலையின் புகார்த் துறையில் கறிமூடை கிடந்த தெருவிலேயே ஈழத்து உணவும் வந்து கிடந்தது. அந்தக் கறியை இறைச்சி என்று உரை எழுதியவர் எவருமில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் தையில் 1, 2, 3, 11, 17 கரிநாள்கள். பொங்கல் நாளே கரிநாள்தான். மார்கழியிலும் 6, 9, 11 உண்டு. மார்கழியில் எந்தச் சைவ வீட்டுக் குசினியில் இறைச்சி வேகும்? அந்தப் பனியில் எந்த வெயில் கரிக்கும்? தவிரவும், பெப்ரவரி 4 தை 21 அல்லது 22 இல் விழும். மாணவர் சொன்னது பஞ்சாங்கக் கரிநாள் அன்று.

கறுப்புக் கட்சியாருக்கு ஒரு சொல். உரியியலில் தொல்காப்பியர் கறுப்பையும் சிவப்பையும் வெகுளிக்கு உரியன என்கிறார். 1957 பெப்ரவரி 4 அன்று திருகோணமலையில் கறுப்புக்கொடி ஏற்றிய நடராசன் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் கையிலிருந்த கறுப்பை வெறும் துக்கம் என்று எழுதுவோர் தொல்காப்பியத்தை மறந்தவர்கள்.

கரி என்பதற்குச் சான்று என்று ஒரு பொருள் உண்டு. சாட்சி என்னும் வடசொல் புகுந்து அதை மூலையில் தள்ளிவிட்டது. ஐந்தவித்தான் ஆற்றலுக்கு வள்ளுவர் இந்திரனைக் காட்டுவது கரியாகத்தான். ஆன்றோர் தாம் அறிந்த கரியைப் பொய்க்கமாட்டார் என்பது குறுந்தொகை 184. அகநானூறு 256 இல் கள்ளூர் அவையத்தார், ஒருத்தியைக் கெடுத்துவிட்டு அறியேன் என்று சூளுரைத்தவனை, அறிகரி கேட்டுப் பிடித்து மரக்கிளையில் கட்டித் தலையில் நீறு பெய்தனர். எல்லாவற்றுக்கும் மேலாகச் சிலம்பு. அரசு கொண்டாடிய பெருவிழாவைச் சொல்லும் இந்திரவிழவூரெடுத்த காதையிலேயே, பொய்க்கரியாளரைப் பாசத்தில் கட்டிப் புடைத்துண்ணும் பூதத்தைச் சதுக்கத்தில் நிறுத்தி வைத்தார் இளங்கோ. தற்செயல் என்பார் என்கட்டும். விழா நடக்கும் ஊரில் கரியும் நிற்கவேண்டும் என்று அவர் கருதினார் என்பதே என் துணிபு.

சுதந்திர தின அணிவகுப்புக்கு என்ன கரி? 1948 பெப்ரவரியில் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. தேயிலை பறித்தவருக்கு நாடில்லை, அதை ஏற்றுமதி செய்தவருக்குக் கொடி! அந்த முதல் அமைச்சரவையில் நம்மவரும் இருந்தனர் என்பதையும் கரி சொல்லத்தான் வேண்டும். இன்னுமொன்று: முழுச் சுயராச்சியம் தராத டொனமூர்த் திட்டம் வேண்டாம் என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். விடுதலையை முழுதாகக் கேட்ட மண் இது; இதைத் தேசப்பற்றில்லாத மண் என்பது பொய்க்கரி. 2016 இல் தமிழில் ஒலித்த தேசிய கீதம் 2020 விழாவில் ஒலிக்கவில்லை. அதுவும் ஏட்டில் இருக்கட்டும்.

பெருமை அரசுக்கு மட்டும் உரிய நோய் அன்று; அதற்காகச் சொல்லுக்குப் பொய்மூலம் காட்டுவோர் எங்களிடமும் உண்டு. எங்கள் ஊர்க்காரர் இணுவிலை இணையிலி என்பதன் மரூஉ என்பர். தனக்கு இணை இல்லாத ஊராம். அப்படியானால் கொக்குவில் எந்த இலி? மட்டுவில், நுணாவில் எல்லாம் எவை இலிகள்? வில் என்பதை நீர்நிலை என்று கொண்டால் இவை யாவும் ஒரே வரிசையில் வந்துவிடும். ஆனால் சிங்களத்து 'வில' என்னும் குளமும் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தப் பயத்திலே பிறந்ததுதான் இணையிலி. பகிர்ந்துகொண்ட ஒரு குளத்தைத் தூர்த்துத்தான் இந்தப் பெருமையைக் கட்டவேண்டியிருக்கிறது.

மாணவர் கறுப்பை நினைத்தே கரிநாள் என்றிருக்கலாம். சொன்னவர் மனத்தில் இருப்பதற்கு மேலும் சொல்லில் இருக்கும். பஞ்சாங்கக் கரிநாளின் மூலத்தைச் சோதிடர் பார்த்துக்கொள்ளட்டும். பெப்ரவரி 4 இன் கரி சான்றே. கறிநாள் என்று இனியும் எழுத விரும்புவோர் அகநானூறு 256 ஐ உரையோடு படித்துவிட்டு எழுதுவார்களாக.