முற்றத்து வெயில்

நம்மிடம் ஓதிப் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர், தமக்குக் குழந்தை பிறந்த இருபதாம் நாளில் மஸ்அலா ஒன்று கேட்டு வந்தார். குழந்தையின் மேல் சற்றே வெயிலும் காற்றும் பட வேண்டும் என்பது மனைவியின் விருப்பம். நாற்பது கழியுமுன் பிள்ளையை அறையை விட்டு எடுப்பது மார்க்கத்திற்கே விரோதம் என்பது மாமியாரின் தீர்ப்பு. "ஹஜ்ரத், கிதாபில் என்ன இருக்கிறது?" என்றார். அவருக்குச் சொன்ன விடையை இங்குச் சற்று விரித்து எழுதுகிறோம்.

நாற்பது என்னும் கணக்கு குழந்தைக்கு உரியதன்று, தாய்க்கு உரியது. பேறுகாலத் தொடக்கான நிஃபாஸின் உச்ச அளவு ஹனஃபி மத்ஹபில் 40 நாள். ஷாஃபிஈ மத்ஹபில் உச்ச அளவு 60 நாள். பெரும்பான்மை வழக்கு 40. இது தொழுகை, நோன்பு பற்றிய சட்டம். தாயையோ சேயையோ அறைக்குள் அடைத்து வைக்கச் சொல்லும் சட்டம் அன்று. தஞ்சை மண்டலத்தின் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் மிகுதி. இரு சாராரும் இந்த நாற்பதை வீட்டு வழக்கமாக நீட்டிக்கொண்டனர். பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு தந்த வகையில் அவ்வழக்கத்தை நாம் குறை கூற மாட்டோம்.

குழந்தையை வெளியே கொண்டு செல்வது பற்றி நேரே பேசும் நூலும் நம்மிடம் உண்டு. இமாம் இப்னுல் கய்யிம் (ஹி. 691–751, கி.பி. 1292–1350) பிறந்த குழந்தையின் சட்டங்களைத் தொகுத்த 'துஹ்ஃபத்துல் மவ்தூத்' நூலில், மூன்று மாதமாவது ஆகும் வரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுற்றித் திரிவதைத் தவிர்க்க வேண்டும் என்கிறார். தாயின் வயிற்றை விட்டு வந்து அதிக நாள் ஆகாமையும் உடலின் மென்மையுமே அவர் கூறும் காரணங்கள். மனு நூலும் குழந்தையை வீட்டை விட்டு முதன்முதல் வெளிக்கொணரும் சடங்கை நான்காம் மாதத்தில் வைத்திருப்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள் ஏறக்குறைய ஒரே கணக்கிற்கு வந்திருப்பதைப் பார்த்தால், இரண்டும் வேதத்திலிருந்து எடுத்ததைவிடத் தாய்மாரிடமிருந்து கற்றதே அதிகம் என்று தோன்றுகிறது.

இமாமவர்கள் தவிர்க்கச் சொன்னது எது என்பதைக் கூர்ந்து படிக்க வேண்டும். தூக்கிச் சுமப்பதும் ஊர் சுற்றுவதுமே அங்குப் பேசப்படுகின்றன. வெயிலைப் பற்றியோ காற்றைப் பற்றியோ அவ்விடத்தில் பேச்சே இல்லை. அவருக்கு முந்நூறு ஆண்டுகள் முற்பட்ட இப்னு சீனா (கி.பி. 980–1037) தம் 'அல்கானூன்' நூலில், சிசு உறங்கும் அறையின் காற்று மிதமாக இருக்க வேண்டும், அது சற்றே நிழல் சார்ந்திருக்க வேண்டும், கண்ணை உறுத்தும் ஒளி கூடாது என்கிறார். அது உறங்கும் இடத்திற்கான விதி. மஃரிப் வேளையில் பிள்ளைகளை வீட்டிற்குள் வைத்துக்கொள்ளுமாறு ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இரவின் முதற்பொழுது கழிந்தால் அவர்களை விட்டுவிடலாம் என்றும் அதே ஹதீஸ் கூறுகிறது. இதைப் பகலுக்கும் நீட்டியவர்கள் நாமே.

இவற்றிற்கு நேர்மாறான ஒரு வழக்கம் மக்கத்துக் குறைஷியரிடம் இருந்தது. நகரத்துச் செல்வர்கள் தம் கைக்குழந்தைகளைப் பாலைவெளிச் செவிலியரிடம் ஒப்படைத்து, திறந்த வெளியில் வளரச் செய்தனர். பெருமானார் (ஸல்) அவர்களை ஹலீமா அம்மையார் பனூ ஸஅத் குலத்தாரிடம் கொண்டு சென்ற வரலாறு யாவரும் அறிந்ததே. பால்குடி மறந்தபின் பிள்ளையைத் திரும்பக் கொணர்ந்த அம்மையார், மக்கத்துக் கொள்ளைநோய்க்கு அஞ்சுவதாகக் கூறி ஆமினா அம்மையாரிடம் இன்னும் சிறிது காலம் கேட்டுப் பெற்றதை இப்னு இஸ்ஹாக் பதிவு செய்கிறார். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் இதற்கென 'அலிமா முலையூட்டுப் படலம்' என்றே ஒரு படலம் அமைத்தார். அரபு நாட்டை ஆறும் நெல்வயலும் நிறைந்த மருத நிலமாகப் பாடியவர் அவர். அந்நாடு காவிரிக்கரையில் படிப்பவர்களுக்கு அயலாகத் தோன்றுவதில்லை.

அந்த மருத நிலத்தில் நம் முன்னோர் என்ன செய்தனர்? கூத்தாநல்லூரிலோ இராஜகிரியிலோ அய்யம்பேட்டையிலோ பழைய வீடொன்றில் நுழைந்தால், திண்ணையும் நடையும் கடந்ததும் வானம் பார்த்த முற்றம். நாற்புறமும் தாழ்வாரம். முற்பகலில் வீட்டின் மூத்த பெண்மணி மணையில் கால் நீட்டி அமர்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது அங்கேதான். அறையை விட்டு வந்தாயிற்று. ஆனால் வீட்டை விட்டுப் போகவில்லை. இமாமவர்கள் தவிர்க்கச் சொன்ன அலைச்சலும் இல்லை, இப்னு சீனா அஞ்சிய கண்கூச்சமும் இல்லை. வெயில் ஏறினால் இரண்டடி நகர்ந்தால் தாழ்வார நிழல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் இந்தக் கொடுப்பினை சில வாரம் தள்ளிப்போகும். வயல் வேலைக்குச் சென்ற ஏழைத் தாயின் குழந்தையோ வரப்போரத்து மரத்தில் கட்டிய தூளியிலேயே கிடந்தது. அதற்கு மஸ்அலா கேட்க எவரும் வரவில்லை.

முற்றம் இல்லாத அடைப்பு என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஹட்சிசன், ஷா என்னும் இரு மருத்துவர்கள் அன்றைய பம்பாய் மாகாணத்து நாசிக்கில் நடத்திய ஆய்வை 1922-இல் வெளியிட்டனர். எலும்பு வளையும் நோயான ரிக்கெட்ஸ், நன்றாக உண்டு வாழ்ந்தும் கோஷா காத்த முஸ்லிம், மேல்சாதி இந்துக் குடும்பங்களில் மிகுந்திருந்தது. அரைவயிறு உண்டு வெளியில் உழைத்த ஏழைகளிடம் அது அரிதாக இருந்தது. சிசுக்களோடு, வயது வந்த பெண்களையும் இந்நோய் பிடித்திருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சூரியவிளக்கின் புற ஊதாக் கதிரால் இந்நோய் குணமாவதை பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி 1919-இல்தான் காட்டியிருந்தார்.

முற்றத்து வெயிலின் வேறொரு பயன் எதிர்பாராத இடத்தில் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் ராக்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்னும் செவிலியர், குறைமாதக் குழந்தைகளை நல்ல வெயில் நாளில் முற்றத்திற்குக் கொண்டுவருவார். காற்றும் வெயிலும் நல்லவை என்பது அவருடைய நம்பிக்கை, அவ்வளவே. 1956-இல் ஒரு நாள், மஞ்சள் காமாலை கண்ட குழந்தையின் உடலில் மஞ்சள் வெளிறியிருப்பதையும், துணியின் ஓரம் மறைத்த இடம் மட்டும் முன்போல் இருப்பதையும் அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். அதிலிருந்து வளர்ந்த ஒளிச் சிகிச்சையை கிரெமரும் தோழர்களும் 1958-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். இன்று பிரசவ ஆஸ்பத்திரிகளில் நாம் காணும் நீலவிளக்கின் தொடக்கம் அந்த முற்றமே. ஆயினும் காமாலைக்கு வெயில் போதும் என்று வீட்டிலிருந்துவிடலாகாது. பிலிருபின் அளவு மிகுந்தால் மூளையையே தாக்கும். இரத்தம் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் பாட்டிமார் வைட்டமின் டி-யை அன்றே அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவோர் உளர். அது மிகை. திருப்பதியில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த வைட்டமின் தோலில் நன்கு உருவாவது முற்பகல் 11 முதல் பிற்பகல் 2 வரையிலான வெயிலில்தான் என்று காட்டிற்று. அவ்வேளையில் பச்சிளங் குழந்தையைத் தஞ்சாவூர் வெயிலில் எவர் கிடத்துவார்? இளவெயிலில் கிடைப்பது சொற்பமே. எனவேதான் குழந்தை மருத்துவர்கள் முதல் ஓராண்டு நாள்தோறும் 400 அலகு சொட்டு மருந்து தரச் சொல்கின்றனர். அதில் தயங்க வேண்டியதில்லை.

அவ்வாறாயின் முற்றம் செய்தது என்ன? சிசு பிறக்கும்போது கொண்டுவரும் வைட்டமின் டி இருப்பு தாயிடமிருந்து வருவது. தாய்ப்பாலில் அது குறைவு. புழுங்கல் நெல்லைக் காயவைத்துக் கிளறவும், மிளகாய் உலர்த்தவும், துணி துவைக்கவும் நம் பெண்கள் உச்சிப்பொழுதிலும் முற்றத்தில் நின்றனர், தலைத்துணி நழுவினாலும் பார்ப்பார் இல்லாத இடத்தில். வெயில் காய்ந்தவள் தாய். பயன் பெற்றது வயிற்றுப்பிள்ளை. முற்றத்தை நாசிக்கோடு சேர்த்துப் பார்க்கும்போது நமக்குத் தோன்றுவது இதுதான். கோஷா இரு இடங்களிலும் இருந்தது. கூரை இல்லாத நான்கு சுவர் இங்கே இருந்தது.

இதை எழுதும் நாமும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வீட்டைப் புதுப்பித்தபோது, மழைச்சாரலுக்கும் குரங்குகளுக்கும் அஞ்சி முற்றத்தின் மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு வேய்ந்தோம். வெளிச்சம் குறையவில்லையே என்று மகிழவும் செய்தோம். கண்ணாடியும் அத்தகைய தகடும் வெளிச்சத்தை விட்டு, எலும்பிற்கு வேண்டிய கதிரைத் தடுத்துவிடும் என்று அப்போது தெரியாது.

மாணவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. மார்க்கத்தில் தடை இல்லை என்றும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்கு அலைய வேண்டாம் என்றும், சொட்டு மருந்தை விட வேண்டாம் என்றும் சொன்னோம். பிறகு, குழந்தையின் தாய் இந்த இருபது நாளில் வெளியே வந்தாரா என்று கேட்டோம். இல்லை என்றார். வீட்டில் முற்றம் உண்டா என்றோம்.

"இருந்தது ஹஜ்ரத். இப்போது அதில்தான் காரை நிறுத்துகிறோம்" என்றார்.