இன்வெர்ட்டரா, நேரடி சார்ஜரா?

நனைந்த தளத்தில் ஈரக் கையோடு 230 வோல்ட் ஒயரை இழுத்துக்கொண்டு வின்ச்சின் துருப்பிடித்த போல்ட்டைத் துளைப்பதை நினைத்தாலே குலை நடுங்கும். விசைப்படகுக்கு ஒயரில்லாத டிரில் ஆடம்பரமல்ல.

ஆனால் அதன் 18 வோல்ட் பேட்டரி நடுக்கடலில் தீர்ந்தால்? படகின் 12 வோல்ட் பேட்டரிதான் கதி. இன்வெர்ட்டரில் 230 வோல்ட்டாக்கி, டிரில்லோடு வந்த சார்ஜரைச் செருகலாம். அல்லது காருக்கென்று விற்கும் 12 வோல்ட் சார்ஜரை நேரே மாட்டலாம். மக்கிட்டாவின் டிசி18எஸ்இ அந்த ரகம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 ஆம்பியர்-அவர் டிரில் பேட்டரியில் அடங்குவது 90 வாட்-அவர். படகு பேட்டரிக்கு அது ஏழரை ஆம்பியர்-அவர். இன்வெர்ட்டர் 12-ஐ 230 ஆக ஏற்றும், சார்ஜர் அதை மறுபடி, டிரில் பேட்டரி முழுதாக ஏறத் தேவையான 21-க்கு இறக்கும். இரண்டும் சூடாகித் தின்பதையும் சேர்த்தால், செலவு சுமார் பத்து. நேரடி சார்ஜரில் ஒரே மாற்றம் என்பதால் ஒன்பதுக்குள் முடியும். இந்த ஒன்றரைக்காக யாரும் இன்வெர்ட்டரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

நான் அதை நம்பாததற்குக் காரணம் வேறு. 1000 வாட் இன்வெர்ட்டர் சும்மா ஓடவே ஏறத்தாழ ஒரு ஆம்பியர் கேட்கும். சார்ஜ் ஏறி முடிந்து பச்சை விளக்கு எரிந்தபின், எல்லோரும் படுத்துவிட்டால், விடியும்வரை இன்னொரு டிரில் பேட்டரிக்கான மின்சாரம் வீணாகும். படகு பேட்டரி ஏற்கெனவே தளர்ந்திருந்தால், காலையில் செல்ஃப் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். மலிவான இன்வெர்ட்டரின் கரடுமுரடான அலையில் சில சார்ஜர்கள் உறுமிச் சூடாவது தனிக் கதை.

நேரடி சார்ஜரிடம் குறையில்லாமல் இல்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட் எஞ்சின் அதிர்வில் தளரும். உப்புக்காற்றில் செம்பில் களிம்பேறும். மெல்லிய ஒயரில் வோல்ட் இறங்கி சார்ஜர் பாதியில் நின்றுபோகும். சாக்கெட்டைத் தவிர்த்து, வெள்ளீயம் பூசிய தடித்த ஒயரை ஃபியூஸ் வைத்து பேட்டரியிலிருந்தே இழுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

24 வோல்ட் படகில் மட்டும் என் கட்சி மாறும். 12 வோல்ட் சார்ஜரை இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் ஜோடியின் சமநிலை கெடும். அங்கே 24 வோல்ட் இன்வெர்ட்டரே மேல். எஞ்சின் ஓடும்போது ஏற்றிவிட்டு, எஞ்சினை நிறுத்தும் கையாலேயே அதையும் அணைத்துவிட வேண்டும்.