ஒரு கினி சந்தாவும் குற்றாலத்துப் பூவும்

இன்னைக்கு எபிசோடு லைப்ரரியைப் பத்தி. கட்டடத்தைச் சொல்லல, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக விடுற ஏற்பாட்டைச் சொல்றேன்.

லண்டன்ல 1842-ல சார்லஸ் எட்வர்ட் மூடின்னு ஒருத்தர் வாடகை நூலகம் ஆரம்பிக்கிறார். வருஷத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். அதைக் கட்டிட்டா ஒரு நேரத்துக்கு ஒரு வால்யூம் எடுத்துக்கலாம். நம்ம சப்ஸ்கிரிப்ஷன் கதைதான். நாவல்தான் அதிகம் ஓடிச்சு, ஆனா அறிவியலும் கூடவே போச்சு. 1859-ல டார்வினோட ‘உயிரினங்களின் தோற்றம்’ வந்தப்போ முதல் பதிப்பு 1,250 பிரதி. அதுல சுமார் 500 மூடி வாங்கினதுதான்.

அதே 1859-ல பிலிப் ஹென்றி காஸ் எழுதின ‘மைக்ராஸ்கோப்போடு மாலை நேரங்கள்’ வந்துது. காஸ் பரிணாமத்தை நம்பாத பக்திமான். ஆனா ஒரு சொட்டுத் தண்ணிக்குள்ள இருக்குறதை அவர் மாதிரி வர்ணிக்க ஆள் குறைவு. இன்னொருத்தர் ஜே. ஜி. வுட், பாதிரியார். 1858-ல அவரோட ‘நாட்டுப்புறத்தின் சாதாரணப் பொருட்கள்’ ஒரு ஷில்லிங்குக்கு வந்துது. ஒரே வாரத்துல லட்சம் பிரதி போச்சுன்னு சொல்லுவாங்க. 1861-ல மைக்ராஸ்கோப்புக்கும் அதே மாதிரி ஒண்ணு எழுதினார். அயர்லாந்துல மேரி வார்டு தன் மைக்ராஸ்கோப் புத்தகத்தை 1857-ல சொந்தச் செலவுல 250 பிரதி அடிச்சாங்க. (1869-ல நீராவிக் கார்ல இருந்து விழுந்து இறந்தாங்க. மோட்டார் வண்டி விபத்துல இறந்த முதல் ஆள்னு அவங்களைத்தான் சொல்றாங்க.) கருவியும் மலிவாச்சு. கலைச் சங்கம் 1855-ல போட்டி வச்சு, மூணு கினிக்கு ஒரு நல்ல மைக்ராஸ்கோப்பைக் கடைக்குக் கொண்டுவந்துது.

வுட் புத்தகத்தோட தலைப்புல இருக்குற ‘சாதாரண’ங்கிற சொல்தான் எனக்கு முக்கியம். வாசகர் கதவைத் திறந்து வெளிய வந்தா, புத்தகத்துல இருக்குற பூச்சி வேலியிலயே உட்கார்ந்திருக்கும். பேரும் அவங்க பாஷையில இருக்கும்.

இப்ப நம்ம பக்கம் வருவோம். மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி 1812-ல ஆரம்பிச்சது, மூடிக்கு முப்பது வருஷம் முந்தி. அங்கயும் புத்தகம் இரவல் உண்டு. 1833-ல இருந்து சொந்தமா ஒரு சஞ்சிகை வேற. டாக்டர் ஜெர்டன் தென்னிந்தியப் பறவைப் பட்டியலை அதுலதான் போட்டார். படிச்சவங்க பெரும்பாலும் கம்பெனி அதிகாரிகள், டாக்டர்கள், ராணுவக்காரங்க.

கடையநல்லூர்ல இருந்து பக்கத்துலதான் குற்றாலம். ராபர்ட் வைட்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர் 1830-கள்ல பாளையங்கோட்டைப் படையில வேலை. குற்றாலத்துல செடி சேகரிச்சவர். 1838-ல இருந்து 1853 வரைக்கும் ஆறு வால்யூம், 2,100-க்கும் மேல படத் தகடுகள், மெட்ராஸ்ல அச்சடிச்சார். செடிப் படத்துக்குக் கீழ பூவைப் பிரிச்சு, மகரந்தப் பை, சூலகம்னு ஒவ்வொண்ணையும் பல மடங்கு பெருசாக்கிக் காட்டியிருக்கும். வரைஞ்சது ரங்கையா, கோவிந்துன்னு நம்ம ஆளுங்க. ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயியா’ன்னு வைட் பேர் வச்சார். இப்ப அந்தப் பேர் செல்லாது, வேற பேரினத்தோட சேர்த்துட்டாங்க.

எனக்கு உறுத்துறது இதுதான். செடி எங்க மலையோடது, கை நம்ம கை, அச்சு மெட்ராஸ். ஆனா அருவிக்கரையில தினம் அந்தப் பூவை மிதிச்சுட்டுப் போனவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரல. விலையும் எட்டாது, பாஷையும் எட்டாது. வீடு தேடிப் புத்தகம் வர 1931 ஆகணும்: மன்னார்குடிப் பக்கம் மேலவாசல்ல கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில நூலகம் ஓட்டினார். நூலகச் சட்டம் 1948-லதான்.

பாஷைப் பக்கத்தைச் சரிபண்ணினதுல எங்க திருநெல்வேலிச் சீமைப் பெருங்குளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஊர்க்காரர் பெ. நா. அப்புசாமி, தொழில் வக்கீல். 1917 வாக்குல ஆரம்பிச்சு அறுபது வருஷத்துக்கு மேல தமிழ்ல அறிவியல் எழுதினார். அவரோட உறவினர் நாவலாசிரியர் அ. மாதவையா, அவர் பையன் மா. கிருஷ்ணன். கிருஷ்ணன் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன்ல 1950-ல இருந்து 1996-ல சாகுற வரைக்கும் ‘கண்ட்ரி நோட்புக்’ எழுதினார். தமிழ்ல எழுதினதைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’னு தொகுத்திருக்கார். சிங்கம் புலியை விட அணில், காக்கா, மைனாதான் அவருக்கு நல்லா வரும்னு நினைக்கிறேன். வுட் சொன்ன ‘சாதாரண’ம் அப்பதான் தமிழுக்கு வந்துது.

கருவி விலை இப்ப பிரச்சினையே இல்ல. மனு பிரகாஷ் குழு ஸ்டான்ஃபோர்டுல 2014-ல காட்டின மடிக்கிற காகித மைக்ராஸ்கோப், ஃபோல்ட்ஸ்கோப், உதிரிச் செலவு ஒரு டாலருக்குள்ள. அதை வச்சு எங்க ஊர்க் குளத்துத் தண்ணியைப் பாத்தோம். வோர்டிசெல்லா கிடைச்சுது: கவுத்து வச்ச மணி, அடியில நூல் மாதிரி ஒரு காம்பு, லேசா தட்டினா ஸ்பிரிங் மாதிரி சுருண்டுக்கும். இதுக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு எங்க வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு வாரமா சண்டை. நான் ‘மணிச்சுருளி’. இன்னொரு கோஷ்டி ‘தொட்டாச்சுருங்கிப் பூச்சி’. பூச்சியே இல்லைனு சொல்லிப் பாத்தாச்சு, கேக்க மாட்டேங்கிறாங்க.