சிறுநீர்க் கசிவுக்கு செல் சிகிச்சை - ஒரு சிறு வரலாறு

தும்மினால், இருமினால், வாய்விட்டுச் சிரித்தால், ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால் கூடச் சில பெண்களுக்குச் சிறுநீர் கசிந்துவிடும். சிறுநீர்ப் பாதையைச் சுற்றி, சுருக்குப் பையின் கயிறு போல ஒரு தசை இருக்கிறது. பிரசவத்தாலோ வயதாவதாலோ அந்தத் தசையும் அதைத் தாங்கும் இடுப்புத்தளமும் தளர்ந்துபோனால், வயிற்றில் அழுத்தம் கூடும் நேரத்தில் கயிறு நெகிழ்ந்துவிடுகிறது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வெளியே சொல்ல வெட்கம்! வெட்கப்பட்டு மறைக்கும் நோய்க்கு "நிச்சயம் குணமாகும்" என்று யாராவது சொன்னால், நம்பிவிடத் தோன்றும். செல் சிகிச்சையின் கதையில் இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது.

செல்லுக்கு முன்னால்...

1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியை எழுதி வெளியிட்டார். இன்றும் முதலில் சொல்லப்படும் வைத்தியம் அதுதான். பயிற்சி போதாதவர்களுக்கு ஊசி வந்தது. 1970-களில் டெஃப்லான் பசையை ஊசி மூலம் செலுத்தி, பாதையைக் குறுக்கிப் பார்த்தார்கள். அந்தத் துகள்கள் உடலின் வேறு பகுதிகளுக்கும் நகர்வது பின்னால் தெரியவந்தது. 1993-இல் அமெரிக்கா மாட்டுக் கொலாஜனுக்கு அனுமதி கொடுத்தது. அதை உடல் மெல்ல மெல்லக் கரைத்துவிடும். மறுபடி ஊசி போட வேண்டும்.

1990-களில் ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டென் கொண்டுவந்த வலைப்பட்டை ஆபரேஷன் உலகெங்கும் பரவியது. பலருக்குப் பலன் கிடைத்தாலும், சிலருக்கு அந்த வலையே தீராத வலியானது. 2018-இல் இங்கிலாந்தில் அதன் பயன்பாடு நிறுத்தி வைக்கப்பட்டது.

அந்நியப் பொருள் எதற்கு, நோயாளியின் சொந்தத் தசையையே வளர்த்துக் கொடுத்தால் என்ன? செல் சிகிச்சை பிறந்தது இந்தக் கேள்வியில்தான்.

இன்ஸ்ப்ரூக் அதிசயம்

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகர மருத்துவக் குழு ஒன்று, நோயாளியின் கையிலிருந்து சிறு துண்டு தசையை எடுத்து, அதிலுள்ள செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, அல்ட்ராசவுண்ட் துணையுடன் சுருக்குத்தசையில் செலுத்தியது. முடிவுகள் 2007-இல் புகழ்பெற்ற லான்செட் இதழில் வந்தன. மொத்தம் 63 பெண்கள். செல் ஊசி போட்ட 42 பேரில் 38 பேருக்கு ஓராண்டில் கசிவு முழுமையாக நின்றுவிட்டதாம். கொலாஜன் ஊசி போட்ட 21 பேரில் 2 பேருக்குத்தான் அந்தப் பலன்!

அடுத்த ஆண்டே கதை மாறியது. ஆஸ்திரிய அரசு ஆய்வாளர்கள் அந்த ஆராய்ச்சி நடந்த விதத்தில் கடுமையான முறைகேடுகளைக் கண்டார்கள். 2008-இல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. ஊசிக்காகத் தன் தசையையே கொடுத்த பெண்களுக்கு மிஞ்சியது என்ன என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

நிதானமான பாதை

அதே 2008-இல் கனடாவிலிருந்து வந்த ஒரு சிறிய ஆய்வு அடக்கமாகப் பேசியது. 8 பெண்களில் 5 பேருக்கு முன்னேற்றம். முழுக் குணம் ஒருவருக்கு மட்டும். பிறகு பெரிய அளவில் நடந்த ஒரு சோதனையில் சிலருக்குச் செல்கள், சிலருக்கு செல் இல்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. வெறும் திரவம் பெற்றவர்களிலும் ஏராளமானோர் தேறியதாகத் தெரிந்ததால், புதிதாக ஆள் சேர்ப்பது பாதியில் நிறுத்தப்பட்டது. முடிவு 2018-இல் வெளியானது. அந்த இரண்டாவது குழு மட்டும் இல்லாதிருந்தால், வெறும் திரவத்தின் பெருமையும் செல்களின் கணக்கில்தான் ஏறியிருக்கும்!

இந்த ஊசி பாதுகாப்பானதாகவே தெரிகிறது என்பது ஆறுதல். ஆனால் வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் நிலைபெறவில்லை. எனவே "ஸ்டெம் செல் போட்டால் 90 சதவீதம் குணம்" என்று விளம்பரம் கண்டால், பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகள் போதும். எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? சரிபார்த்தது யார்?

அதற்கும் முன்னால், வெட்கத்தை விட்டு ஒரு நல்ல மருத்துவரிடம் வாய் திறக்க வேண்டும். கெகலின் பயிற்சிக்கு ஊசியும் தேவையில்லை, செலவும் இல்லை.