அலை எண்ணிம வடிகட்டியும் மறுசெய்கையும்

அலை எண்ணிம வடிகட்டி என்பது ஒரு மின்சுற்றின் நடத்தையைக் கணினியில் உறுப்புக்கு உறுப்பு பின்பற்றும் கணக்கீட்டு முறை. பெல்ஜியத்தில் 1926-இல் பிறந்த ஆல்பிரட் ஃபெட்வைஸ், செருமனியின் போகும் நகர ரூர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது இதை உருவாக்கினார். முதல் கட்டுரை 1971-இல் வெளிவந்தது. மறுசெய்கையைத் தவிர்க்கும் முறையாகப் பிறந்த இது, பின்னாளில் மறுசெய்கையையே நாட நேர்ந்தது.

மின்னோட்டத்தைத் துறைத்தடை என்னும் எண்ணால் பெருக்கி மின்னழுத்தத்தோடு கூட்டினால் படு அலை. கழித்தால் மீள் அலை. துறைத்தடையின் அளவை வடிவமைப்பாளரே தேர்ந்துகொள்ளலாம். முறையின் சூட்சுமம் இந்தச் சுதந்திரத்தில்தான் உள்ளது. மின்தேக்கிக்கு அதைச் சரியாகத் தேர்ந்தால், இப்போது உட்செல்லும் அலை அடுத்த காலப்படியில்தான் திரும்பி வரும். இரண்டு உறுப்புகள் ஒன்றன் விடைக்காக மற்றொன்று காத்து நிற்கும் 'தாமதமற்ற வளையம்' இதனால் அறுபடுகிறது. கணக்கு ஒரே நடையில் முடிகிறது. இந்தியாவில் பிறந்த எம். என். எஸ். சுவாமியும் கே. எஸ். தியாகராஜனும் 1975-இல் இவ்வடிகட்டியின் வேறொரு வகையை முன்வைத்தனர்.

சிக்கல் டயோடால் வந்தது. அதன் மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு அடுக்குக்குறி வேகத்தில் ஏறும். 1989-இல் மீர்க்கோட்டரும் ஷோல்ட்சும் நேரியலற்ற உறுப்பு ஒன்றை மட்டும், மீள் அலை உடனே எழாத துறையில் இணைத்துச் சமாளித்தனர். அப்படிப்பட்ட இரண்டாவது உறுப்பு வந்ததும் வளையமும் திரும்ப வந்துவிடும்.

1973-இல் பெர்க்லியில் வெளியான ஸ்பைஸ் மென்பொருள் முழுச் சுற்றையும் நியூட்டன்–ராஃப்சன் முறையால் தீர்த்தது. 2016-இல் ஓல்சன், வெர்னர், ஸ்மித் ஆகியோர் நேரியலற்ற உறுப்புகளை ஒரு குழுவாகப் பிரித்து, அக்குழுவுக்கு மட்டும் நியூட்டன் வகை மறுசெய்கையைப் பயன்படுத்தினர். இவர்கள் களம் இசைக்கருவி மின்சுற்றுகள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 23 மைக்ரோ நொடி. அதற்குள் எல்லாச் சுற்றுகளும் முடிந்தாக வேண்டும். தொடக்க ஊகம் தவறினால் அடுக்குக்குறிச் சார்பு விடையை எங்கோ தூக்கி எறிந்துவிடும்.

மிலான் ஆய்வாளர்களான பெர்னார்தினி, சார்த்தி முதலியோர் வேறு வழி சென்றனர். ஒவ்வொரு டயோடையும் தனியே தீர்த்து, அலைகளைச் சுற்றெங்கும் சிதறவிட்டு, மாற்றம் அடங்கும்வரை இதையே திரும்பச் செய்வது. பெரிய அணியைக் கையாள்வதற்கு இதுவே பொருத்தமானதாகத் தோன்றுகிறது. இங்கும் பழைய துறைத்தடைதான் கைகொடுக்கிறது: டயோடின் அப்போதைய சரிவுக்கு நெருக்கமாக அதை வைத்தால் குறைந்த சுற்றுகளில் விடை கிடைக்கும்.

2018-இல் இம்முறையைப் பெரிய சூரிய மின்தகடு அணிகளுக்குப் பயன்படுத்திக் காட்டினர். கமுதியில் உள்ள 648 மெகாவாட் மின்நிலையம் போன்ற இடங்களில் மேக நிழல் சில தகடுகள்மேல் மட்டும் விழும்போது, ஒவ்வொரு தகடும் வேறொரு டயோடாகிவிடுகிறது. எவ்வளவு வெயில் விழுகிறது என்பதே இக்கணக்கின் உள்ளீடு. இந்தியாவில் அதை அளக்கும் நிலையங்களின் வலையமைப்பை நடத்துவது பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம்.