நாலு பேர் சேர்ந்தால் மெஸ்

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் உச்சி வெயிலில் இறங்கி, நல்ல கறிச்சோறு எங்கே கிடைக்கும் என்று ஆட்டோக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ஓட்டல் என்ற சொல் அவர் வாயில் வராது. "மெஸ்ஸுக்குப் போங்க சார்" என்பார். பழனியப்பா மெஸ் என்பது மாவட்டத்துக்கு வெளியிலும் தெரிந்த பெயர். இட்லி, தோசைக்குப் பவன்; ராத்திரி பரோட்டாவுக்குக் கடை; இலை போட்டுக் கோழி, ஆடு, மீன், நண்டு என்று வரிசையாகக் குழம்பு ஊற்றுகிற மதியச் சோற்றுக்கு மெஸ். இந்தப் பாகப்பிரிவினையை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் மதுரை, திருச்சி, காரைக்குடி எங்கும் ஏறக்குறைய இதுதான் வழக்கம்.

இங்கிலாந்திலிருந்து வருகிறவருக்கு அந்தப் பலகை வேடிக்கையாக இருக்கும். அவருக்கு மெஸ் என்றால் குப்பைகூளம், குளறுபடி. சோற்றுக்கடைக்கு யாராவது அப்படிப் பெயர் வைப்பார்களா என்று சிரிப்பார். ஆனால் குளறுபடி என்ற பொருள் அவர்கள் மொழியிலேயே நேற்று வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. கலந்துகட்டிய உணவு, அதிலிருந்து கலப்படம், அதிலிருந்து குழப்பம் என்று சரிந்து வந்த பொருள் அது. சோறு என்ற பொருள்தான் மூத்தது.

வேர் இலத்தீனில் இருக்கிறது. மித்தெரே என்றால் அனுப்புதல். அடுக்களையிலிருந்து மேசைக்கு அனுப்பி வைக்கப்பட்டது மிஸ்ஸும். பந்தியில் ஒரு தடவை பரிமாறும் பதார்த்தம். அது பழைய பிரெஞ்சில் 'மெஸ்' ஆகி, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. முதலில் ஒரு வேளை உணவைக் குறித்தது. நூறு ஆண்டு கழித்து, ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து உண்ணும் ஆட்களைக் குறிக்கத் தொடங்கியது. சாதாரணமாக அது நான்கு பேர். பெரிய விருந்துகளில் நால்வர் நால்வராகப் பிரித்து உட்காரவைத்து, நால்வருக்கும் பொதுவாகப் பண்டங்களை வைப்பார்கள். அந்த நால்வர்தான் ஒரு மெஸ். பொருள் பண்டத்திலிருந்து ஆளுக்குத் தாவியதை இங்கே கவனிக்க வேண்டும். யாரோடு உண்கிறோம் என்பது, எதை உண்கிறோம் என்பதைத் தள்ளிவிட்டு மேலே வந்துவிட்டது.

இந்த நால்வர் கணக்கு லண்டன் சட்டக் கழகங்களில் நெடுங்காலம் உயிரோடிருந்தது. பாரிஸ்டர் ஆவதற்கு அப்போது பரீட்சை மட்டும் போதாது. கழக மண்டபத்தில் இத்தனை இரவு விருந்து உண்டிருக்க வேண்டும். 1888 முதல் 1891 வரை அங்கே சட்டம் படித்த காந்தி, சத்திய சோதனையில் இந்த விருந்துகளைப் பற்றிச் சுவையாகச் சொல்கிறார். நால்வருக்கு இரண்டு புட்டி ஒயின் கொடுப்பார்கள். காந்தி தொடமாட்டார். ஆகவே இரண்டு புட்டியை மூன்று பேர் தீர்க்கலாம் என்று, அவரைத் தங்கள் நால்வரில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளப் போட்டி இருந்ததாம். குடிக்காத நண்பனுக்குக் கூட்டத்தில் கிடைக்கும் மரியாதை அன்றைக்கும் இதே காரணத்துக்குத்தான்.

திருச்சி வரகனேரிக்காரரான வ.வே.சு. ஐயர் 1907-இல் லண்டன் போய் லிங்கன்ஸ் இன் கழகத்தில் சேர்ந்தார். இதே விருந்து விதி அவருக்கும் உண்டு. அவர் பெயர் இன்னொரு பந்தியோடும் சேர்ந்து நிற்கிறது. அவர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிச் சாப்பாடு போடுகிறார்கள் என்று 1924-25-இல் எழுந்த பிரச்சினை தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உடைத்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். காந்தி சமரசம் சொல்லிப் பார்த்தார். பிறமதத்தாரோடு நால்வராய் அமர்ந்து உண்ணும் விதிக்கு லண்டனில் உட்பட்ட இரண்டு பேர், இரண்டு பையன்கள் எங்கே உட்கார்ந்து உண்பது என்ற கேள்விக்கு முன்னால் திணறியதை எண்ணும்போது, சொல் கடல் தாண்டும் வேகத்தில் பொருள் தாண்டுவதில்லை என்று தோன்றுகிறது.

நம் ஊருக்கு மெஸ் இரண்டு வழியாக வந்தது. ஒன்று பட்டாளம். ஆபீசர்கள் மெஸ் வேறு, சார்ஜென்ட்கள் மெஸ் வேறு. அங்கே சேர்ந்து உண்பதற்குப் பதவி பொருந்த வேண்டும். மற்றது மாணவர் விடுதி. பின்னதுதான் தமிழுக்கு நெருக்கமானது. விடுதியில் படித்த யாருக்கும் 'டிவைடிங் சிஸ்டம்' என்றால் தெரியும். மாதம் முழுக்க அரிசி, பருப்பு, காய், விறகு என்று ஆன செலவைக் கூட்டி, உண்ட ஆட்களின் நாள் கணக்கால் வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று மெஸ் பில் ஒட்டுவார்கள். இலாபம் என்ற பேச்சே கிடையாது. நால்வர் ஒரு பாத்திரம் என்ற பழைய பொருளுக்கு இதைவிடக் கிட்டே போக முடியாது.

புதுக்கோட்டை மாவட்டத்து நகரத்தார் ஊர்களான ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி ஆகியவற்றிலிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் இதே காரியத்தை மெஸ் என்று சொல்லாமலே செய்தார்கள். நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டியடி. அங்கேயே கணக்கு, அங்கேயே படுக்கை, எல்லாருக்கும் சேர்த்துச் சமையலாள். அந்தக் கட்டடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஊர் திரும்பும்வரை மிளகும் சோம்பும் மணக்கும் அந்தக் குழம்புதான் அவர்களுக்கு வீடு.

மெஸ்ஸுக்கு முன்னால் வந்த இன்னொரு சொல்லையும் சொல்ல வேண்டும்: கிளப். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தமிழில் சாப்பாட்டுக் கடைக்குக் காப்பி கிளப், கிளப்புக் கடை என்று பேர். ஆங்கிலத்தில் கிளப் என்பதும் இடமல்ல. செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் உறுப்பினர் கூட்டம். ஆக, யார் உள்ளே வரலாம் என்று வரம்பு கட்டிய இரண்டு சொற்களை வாங்கி, காசு கொடுத்தால் வரலாம் என்கிற கடைக்கு நாம் வைத்திருக்கிறோம். இது தற்செயல்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஏனென்றால் நம் தொடக்ககாலக் கிளப்புகள் உண்மையிலேயே வரம்பு கட்டியவை. பிராமணாள் காப்பி கிளப் என்று பலகையிலேயே இருக்கும். உள்ளே மற்றவர்களுக்குத் தடுப்பு, அல்லது இடமே இல்லை. ரயில்வே சாப்பாட்டுக் கூடங்களில் இருந்த பிரிவினை 1941-இல்தான் ஒழிந்தது. சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் தொடங்கியது 1957-இல்.

விடுதிகளும் இதற்கு விலக்கல்ல. புதுக்கோட்டையில் பிறந்து மன்னர் கல்லூரியில் படித்த முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசிக் குடும்பங்களைவிட்டு வெளியேறிய சிறுமிகளுக்குச் சென்னையில் இடம் தேடியபோது, சாதிவாரியாக நடந்த விடுதிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. தம் வீட்டிலேயே அவர்களுக்குச் சோறு போட்டார். 1930-இல் பிறந்த அவ்வை இல்லத்தின் தொடக்கம் அது. பழங்கதை என்று இதைத் தள்ளவும் முடியாது. 2022 டிசம்பரில் பட்டியல் சாதியினர் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயல் விவகாரத்தை விசாரிக்கப் போன புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர், பக்கத்து இறையூரில் ஒரு டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டார். மெஸ் என்ற பலகைக்குக் கீழே யாரும் யாரோடும் உட்கார்ந்து உண்பது சிறிய செய்தி அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

கடையான மெஸ்ஸுக்கு வருவோம். பிரம்மச்சாரிகளும், குடும்பத்தை ஊரில் விட்டுவந்த குமாஸ்தாக்களும், வாத்தியார்களும் மாதக் கணக்கு வைத்து உண்ட வீடுகளே இதற்கு வித்து. யாரோ ஒரு அம்மாள் தம் வீட்டு முன்கட்டில் பத்து இலை போடுவார். நோட்டில் கணக்கு ஏறும். ஒருவர் வராவிட்டால் காய்ச்சலா என்று விசாரிப்பார். திருவல்லிக்கேணி மேன்ஷன்களை நம்பி இப்படி வளர்ந்ததில் காசி விநாயகா மெஸ் ஒன்று. டோக்கன் வாங்கிக் காத்திருந்து, பழைய பந்தி ஒழுங்கு மாறாமல் அங்கே உண்ண வேண்டும். பெயர்களைக் கவனித்தாலே குலம் தெரிந்துவிடும். பவன் என்று முடிகிறவை மாளிகையைச் சொல்கின்றன. மெஸ் என்று முடிகிறவை பெரும்பாலும் ஆளைச் சொல்கின்றன: அம்மா மெஸ், மாமி மெஸ், ராயர் மெஸ், கோனார் மெஸ், குமார் மெஸ். ருசியில் குறை கண்டால் யாரைக் கேட்பது என்பது பலகையிலேயே இருக்கிறது. இன்று ஏ.சி. அறை போட்டு, பார்சலுக்குத் தனி வரிசை வைத்து, இருநூறு பேருக்குச் சமைக்கிறவர்களும் மெஸ் என்ற பேரை விடாமலிருப்பது இந்த வீட்டு வாடைக்காகத்தான். சிலருக்கு அது பொருந்துகிறது; சிலருக்குப் பலகையோடு நின்றுவிடுகிறது.

மெஸ்களில் ஒரு சொல் எனக்குப் பிடித்தது: எடுப்புச் சாப்பாடு. அடுக்குத் தூக்கில் சோறு, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர் எல்லாம் நிரப்பிக் கொடுப்பார்கள். ஒரு சாப்பாட்டு விலைக்குச் சற்று மேலே போகும். ஆனால் மூன்று பேர் தாராளமாக உண்ணலாம். அறை எடுத்துத் தங்கியவர்கள் முறைபோட்டுத் தூக்கை எடுத்துவந்து, செய்தித்தாளை விரித்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்ற இரண்டும் தனி ஆளின் வயிற்றை அளப்பவை. எடுப்பு ஒன்றுதான் ஆட்களை எண்ணிப் போட்ட சாப்பாடு.

பந்தியில் ஒரே பாத்திரம் நமக்கு வழக்கமில்லை. ஆளுக்கு ஓர் இலை. எச்சில் பார்க்கிற தேசம் இது. பொதுப் பாத்திரம் வாளியாகச் சர்வர் கையில் சுற்றி வரும். பரிமாறு என்ற வினையே விசித்திரமானது: சோறு இடுவதும் அதுதான், மாற்றிக்கொள்வதும் அதுதான். இந்த மாவட்டத்து ஆவுடையார்கோயிலில் சாமிக்கும் இப்படியே. புழுங்கலரிசிச் சோற்றை ஆவி பறக்கப் படைகல்லின் மேல் கொட்டி, கீரையும் பாகற்காயும் வைப்பார்கள். ஆவி மட்டும் ஆத்மநாதர் பங்கு. சோறு மனிதர் பங்கு.

ஆனால் கிழக்கே கடலோரம் போனால் காட்சி மாறும். கோட்டைப்பட்டினம் போன்ற முஸ்லிம் ஊர்களின் கலியாணப் பந்தியில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி மூன்று நான்கு பேர் உட்கார்ந்து, ஒரே சோற்றைக் கைபோட்டு உண்பார்கள். வடக்கே அதிராம்பட்டினம், தெற்கே கீழக்கரை வரை அந்தத் தட்டுக்கு சஹன் என்று பெயர். அரபியில் தட்டு என்றே பொருள். ஆங்கிலேயன் மறந்துபோன மெஸ் அசலாக இங்கே இருக்கிறது, வேறு பேரில்.

நண்பர்களோடு மெஸ்ஸுக்குப் போகும்போது நாம் இரண்டுக்கும் நடுவில் ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறோம். இலை ஆளுக்கு ஒன்று. பக்கவகை எல்லாருக்கும் பொது. சர்வர் ஒரு தட்டில் சுக்கா, ஈரல், மூளை, காடை, நண்டு என்று கிண்ணம் கிண்ணமாக அடுக்கிக் கொண்டுவந்து கண்ணுக்கு முன்னால் காட்டுவார். நான்கு பேர் போனால் நான்கு வகை. நடுவில் வைத்து ஆளுக்கொரு கரண்டி. தனியாகப் போகிறவன் ஒரு சுக்காவோடு எழுந்திருக்க வேண்டியதுதான். மதிய நெருக்கடியில் அவனையும் விடமாட்டார்கள். "ஒரு ஆளா? அந்த டேபிள்ல மூணு பேர் இருக்காங்க, போய் உக்காருங்க" என்று அனுப்பிவிடுவார்கள். காந்திக்குக் கிடைத்த வரவேற்பு அங்கே கிடைக்காது, குழம்பு கிடைக்கும்.

புதுக்கோட்டையில் நடு மேசைக்கு வரவேண்டிய பண்டம் முட்டை மாஸ். அவித்த முட்டையைத் துண்டுபோட்டு, வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு சால்னா விட்டுக் கல்லில் புரட்டி எடுப்பது. மாலைக்கு மேல் பரோட்டாக் கடைகளில் அதன் ராஜ்ஜியம். ஒருவர் ஒரு தட்டு முழுக்கத் தின்றால் திகட்டும். நான்கு பேர் பரோட்டாவைப் பிய்த்துத் தொட்டால் இரண்டாவது தட்டு சொல்ல வேண்டி வரும். அது பங்கிட்டு உண்பதற்கென்றே அமைந்த பண்டம் என்பது என் கட்சி.

இந்தப் பக்கத்துப் பையன்கள் நண்பனைக் கூப்பிடுவது 'பங்காளி' என்று. இன்னும் நெருக்கமென்றால் வெறும் 'பங்கு'. சொத்தில் பங்குள்ள தாயாதிக்கு வழங்கிய சொல், சண்டைக்கும் வழக்குக்கும் பேர்போனது, பரோட்டாவில் பங்குள்ளவனுக்கு வந்து சேர்ந்து கோபம் தணிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் தோழனைக் குறிக்கும் கம்பானியனுக்கு வேர் சேர்ந்து ரொட்டி உண்பவன். கம்பெனிக்கும் அதே வேர். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் துணை நின்ற கிழக்கிந்தியக் கும்பினியும் வேரளவில் ஒரு மெஸ்தான். அதில் யார் பங்கை யார் தின்றார்கள் என்பது வேறு கட்டுரை.

மிச்சமிருப்பது பில். விடுதியில் வகுத்துக் கொடுத்தே பழகியவர்கள்கூடக் கடையில் வகுக்கக் கூசினார்கள். "வைடா பர்ஸை", "போன தடவ நீதான் குடுத்த" என்று கல்லாவுக்கு முன்னால் தள்ளுமுள்ளு நடக்கும். யார் கை முதலில் நீளுகிறதோ அவரிடம் கல்லாக்காரர் வாங்கிப் போட்டுக்கொள்வார். இப்போதைய பையன்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. ஒருவன் போனில் கட்டுகிறான். வண்டியை எடுப்பதற்குள் மற்ற மூன்று பேரின் பங்கும் அவன் கணக்குக்கு வந்துவிடுகிறது. டிவைடிங் சிஸ்டம் விடுதியைவிட்டு வெளியே வந்துவிட்டது. முட்டை மாஸை யார் அதிகம் தின்றது என்று இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.