வேதம் எழுதிய கைகள்

கதை எழுதுகிறவனைப் பார்த்தால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?" எங்களில் பலர் பதிலையும் தயாராக வைத்திருக்கிறோம். "நான் எங்கே எழுதினேன்? அதுவாக வந்தது" என்போம். கேட்பதற்கு அடக்கமாக இருக்கும் இந்தப் பதிலில் கொஞ்சம் கர்வமும் கலந்திருக்கிறது என்பதை நாங்கள் வெளியே சொல்வதில்லை. ஒரு சிறுகதைக்கே இந்தப் பாடு என்றால், ஒரு சமயத்தார் தங்கள் வேதமே கடவுளின் ஏவுதலால் எழுதப்பட்டது என்று சொல்லும்போது 'எப்படி?' என்ற கேள்வி எழாமல் இருக்குமா? கிறிஸ்தவர்களிடையே அந்தக் கேள்வி எழுந்து பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகிறது. பதில் சொல்ல வந்தவர்களில் பலர், தர்க்கத்தை நம்பியதைவிட வீட்டிலும் வீதியிலும் கண்ட சாமான்களைத்தான் அதிகம் நம்பினார்கள்.

பவுலின் பெயரால் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தில், வேத எழுத்துக்களைப் பற்றி ஒரு கிரேக்கச் சொல் வருகிறது: தியோப்னியூஸ்டோஸ். 'கடவுள்', 'மூச்சு' என்ற இரண்டையும் சேர்த்துக் கட்டிய சொல். ஊதுவது என்றதும் குழல் ஞாபகம் வருவது இயற்கைதானே? அதீனகோரஸ் என்ற ஆதென்ஸ் நகரத்துத் தத்துவ ஞானி, கி.பி. 177 வாக்கில் மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்திக்கும் அவர் மகன் கொமோதஸுக்கும் ஒரு விண்ணப்பம் எழுதினார். கிறிஸ்தவர்கள் மேல் சுமத்தப்பட்டிருந்த பழிகளை மறுப்பதற்காக எழுதியது. அதிலே, குழலூதுகிறவன் குழலுக்குள் மூச்சை விடுவது போல ஆவியானவர் தீர்க்கதரிசிகளைப் பயன்படுத்திக்கொண்டார் என்றார். வேறொருவர் யாழையும் மீட்டுகோலையும் சொன்னார்.

அழகான உபமானம்தான். ஆனால் அதே நூற்றாண்டில் பிரிஜியா தேசத்து மொந்தானுஸ் என்ற மனிதரும் இதே யாழைத்தான் பிடித்துக்கொண்டார். மனிதன் யாழ், தம் வழியாகப் பேசுகிறவர் மீட்டுகோல் என்று ஆவேச நிலையில் சொன்னார். அவருடன் சேர்ந்து இரண்டு ஸ்திரீகளும் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். திருச்சபை அவர்களை ஏற்கவில்லை. தன்னுடைய உபமானத்தை எதிரியும் கையாளத் தொடங்கிவிட்டால் சங்கடந்தான். சுயநினைவு இழந்து பேசுவது உண்மைத் தீர்க்கதரிசிக்கு லட்சணமல்ல என்று சொல்ல வேண்டி வந்தது. குழலுக்கு ஏது சுயநினைவு?

நாலு நூற்றாண்டு கழித்துக் குழல் போய்ப் பேனா வந்தது. 590 முதல் 604 வரை பாப்பரசராக இருந்த கிரகோரியார், யோபுவின் புத்தகத்துக்கு விரிவுரை எழுதத் தொடங்கும்போது, அதை எழுதியது யார் என்று ஆராய்வது வீண் வேலை என்றார். ஒரு பெரிய மனிதரிடமிருந்து கடிதம் வருகிறது. அதைப் படித்துவிட்டு, இது எந்தப் பேனாவால் எழுதப்பட்டது என்று விசாரித்துக்கொண்டிருப்போமா? அவருடைய வாதம் இதுதான். கடிதம் பெற்ற யாருக்கும் இது புரியும். ஆனால் பேனா பிடித்துப் பிழைக்கிறவனுக்கு இது சற்று உறுத்தும். யோபுவின் துக்கத்தை அவ்வளவு கொடிய அழகோடு சொன்னவன் வெறும் இறகுதானா?

இறகு என்று ஒப்புக்கொண்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சுவிட்சர்லாந்துக்காரர்கள் காட்டினார்கள். எபிரேய மொழியில் பண்டைக் காலத்தில் மெய்யெழுத்துக்களை மட்டுமே எழுதுவார்கள். உயிரொலியைப் படிக்கிறவன் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஓலைச் சுவடிகளில் புள்ளி இருக்காது; 'க'வா 'க்'கா என்று இடம் பார்த்து நாமே தெரிந்துகொள்கிறோம் அல்லவா, ஏறக்குறைய அப்படி. அந்த உயிரொலிப் புள்ளிகள் மிகவும் பிற்காலத்தில் யூத அறிஞர்கள் இட்டவை என்று லூயி காப்பெல் என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு அறிஞர் 1624இல் நிரூபித்தார். பலருக்குத் தூக்கம் போயிற்று. சொல்லச் சொல்ல எழுதியது என்றால் புள்ளியும் அல்லவா சொல்லப்பட்டிருக்க வேண்டும்? 1675இல் சுவிஸ் சபையார் ஓர் அறிக்கை செய்தார்கள்: மெய்யெழுத்து மட்டுமல்ல, புள்ளிகளும், குறைந்தபட்சம் அவை குறிக்கும் ஒலியாவது, தெய்வ ஏவுதலே என்று. சில பத்தாண்டுகளுக்குள் பேசல் நகரமும் ஜெனீவா நகரமும் அதைக் கைவிட்டன.

இதற்குச் சற்று முன்னால், ரோமாபுரியில் ஓர் ஓவியன் இந்தக் கேள்வியை இரண்டு தடவை வரைந்தான். காரவாஜ்ஜோ என்பது அவன் பெயர். சான் லூயிஜி தெய் பிரான்சேசி என்ற கோயிலுக்காக, 1602இல், மத்தேயு சுவிசேஷம் எழுதும் காட்சியை வரைய வேண்டும். முதல் படத்தில் மத்தேயு வெறுங்காலோடு கால்மேல் கால் போட்டு, மடியில் பெரிய புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். எழுத்து வாசனை இல்லாத உழைப்பாளி போன்ற முகம். பக்கத்தில் நிற்கும் தேவதூதன் அவர் கையைப் பிடித்து எழுத வைக்கிறான். விஜயதசமியன்று அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து வாத்தியார் எழுத வைப்பாரே, அதே பாவம். புனிதருக்கு உரிய கௌரவம் இல்லை, காலை இப்படியா ஜனங்கள் முன்னால் நீட்டுவது என்று அதை மறுத்துவிட்டதாகப் பழைய சரித்திரக்காரர் பெல்லோரி எழுதியிருக்கிறார். இரண்டாவது படம் இன்றும் அந்தக் கோயிலில் இருக்கிறது. அதில் தேவதூதன் மேலே காற்றில் நின்று விரல்விட்டு எண்ணிச் சொல்கிறான், தொடவில்லை. பேனா மத்தேயுவின் கையிலேயே இருக்கிறது. அவர் அவசரமாக எழுந்து முக்காலிமேல் ஒரு முழங்காலை ஊன்றித் திரும்பிப் பார்க்கிறார். முக்காலி விளிம்பில் சாய்கிறது. முதல் படம் பெர்லினுக்குப் போய், 1945இல் யுத்த முடிவில் எரிந்துபோயிற்று. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்தாம் மிச்சம்.

எனக்கு இரண்டாவது படத்தின் பக்கம்தான் மனம் சாய்கிறது. காரணம் ஓவியத்தில் இல்லை, பைபிளிலேயே இருக்கிறது. கடவுளின் மூச்சைப் பற்றிச் சொன்ன அதே தீமோத்தேயு நிருபத்தில், அடுத்த அதிகாரத்திலேயே, துரோவாவில் ஒருவர் வீட்டில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும், முக்கியமாகத் தோல்சுருள்களையும் எடுத்துவரச் சொல்கிறார். குளிர் காலத்துக்கு முன் வந்துவிடச் சொல்கிறார். அதைப் பவுலே எழுதினாரா என்பதில் இன்றைய அறிஞர்களிடையே பேதம் உண்டு. மேலங்கி என்னவோ அதில் இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இன்னும் வேடிக்கை. உங்களில் இன்ன இரண்டு பேருக்குத் தவிர வேறு யாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்கிறார். உடனே, இன்னொரு வீட்டாருக்கும் கொடுத்தேன் என்று நினைவு வருகிறது. அதற்குமேல் ஞாபகமில்லை என்கிறார். யாரும் அடித்துத் திருத்தவில்லை.

முன்பெல்லாம் தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுத்தறியாதவர்களுக்குக் கார்டு எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. கிழவி மகனுக்குச் சொல்வாள். எழுதுகிறவர் 'நலம், நலமறிய ஆவல்' என்று தம் பங்கைச் சேர்ப்பார். பிள்ளைக்கு அது தாயின் கடிதம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அந்த எழுத்து அவருடையது, அந்த நடை அவருடையது. ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தை உண்மையில் எழுதிய கை தெர்தியு என்பவருடையது. அவ்வளவு பெரிய வேதாந்த விசாரம் முடிகிற இடத்தில், இதை எழுதிய நானும் உங்களுக்கு வந்தனம் சொல்கிறேன் என்று அவர் தம் பெயரையும் போட்டுவிடுகிறார்.

கிரகோரியாரின் இறகு இப்படியெல்லாம் பேசாது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அந்த மனிதர்கள் தங்கள் சொந்தச் சக்தியையும் திறமையையும் கொண்டு எழுதிய மெய்யான ஆசிரியர்கள் என்று ஏட்டில் பதிந்தது. கத்தோலிக்கர்கள் வேதமாக ஏற்கும் மக்கபேயர் இரண்டாம் புத்தகம் இதைத் தானே முன்பே சொல்லிவிட்டது. சிரேனே ஊரைச் சேர்ந்த யாசோன் என்பவர் ஐந்து தொகுதிகளாக எழுதிய சரித்திரத்தை ஒரே புத்தகமாகச் சுருக்குவது சுலபமில்லை, வியர்வை சிந்தவும் கண்விழிக்கவும் வேண்டியிருக்கிறது என்று ஆரம்பத்திலேயே முறையிடுகிறார் அதை எழுதியவர். கடைசிப் பக்கத்தில், நன்றாக அமைந்திருந்தால் நான் விரும்பியது அதுதான், சுமாராக இருந்தால் என்னால் முடிந்தது இவ்வளவே என்று விடைபெறுகிறார். யாசோனின் ஐந்து தொகுதிகளும் இன்று இல்லை. சுருக்கியவரின் பெயரும் யாருக்கும் தெரியாது.